மணி அடித்த பிறகு வந்த மாணவர்

செங்கற்பட்டு மாவட்டத்தின் பெருமை எதுவென்று கேட்டால் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையும் கல் தேர்களையும் சொல்லாதவர் இல்லை. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தைச் சொல்பவர் அரிது. இரட்டைமலை சீனிவாசன் பிறந்த ஊர் அது. பன்னிரண்டாம் வகுப்பில் வரலாறு பயிலும் நாங்கள் இவ்வாண்டு அவருடைய வாழ்க்கையைப் படித்தோம். அம்பேத்கருடன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர் என்பதற்கு மேல் அதுவரை எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

அவர் 1939-இல் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்கம்' மிகச் சிறிய நூல். கோயம்புத்தூரில் படித்த நாட்களுக்கு அதில் சில வரிகளே இடம். ஆனால் அந்த வரிகளைத் தாண்டிப் போக எங்களால் முடியவில்லை. ஏறக்குறைய 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்ற எல்லாரும் பிராமணர். சாதிக் கட்டுப்பாடோ கடுமை. சிநேகம் செய்தால் தம் சாதியும் குடும்பமும் வீடும் தெரிந்துவிடும், தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்கள் என்று அவர் அஞ்சினார். ஆகவே வெளியே எங்காவது வாசித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவார். வகுப்பு கலைந்ததும், பிறர் எட்டிப் பிடிக்காதபடி வேகமாக நடந்து வீடு சேர்வார். மற்றப் பிள்ளைகளோடு கூடி விளையாட முடியவில்லையே என்பதுதான் அவர் மனத்தைக் கலக்கியது.

வீடு தெரிந்தால் சாதி எப்படித் தெரியும் என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். நகரத்தில் வளர்ந்தவள்! ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று இருந்த நாட்டில் முகவரியே சாதியைச் சொல்லிவிடும். செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891-இல் அரசுக்கு எழுதிய அறிக்கையில், இம்மக்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத நிலையை எடுத்துக்காட்டினார். அதன் பின்னரே அவர்களுக்கென நிலம் ஒதுக்கும் ஆணை 1892-இல் வந்தது.

அமெரிக்காவின் தென்பகுதியில் நிகழ்ந்தது இதற்கு இணையானது, ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் 1962-இல் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர் முதன்முதலாகச் சேர்ந்தபோது கலவரம் மூண்டு இருவர் இறந்தனர். காவலர் துணையோடுதான் அவர் வகுப்புக்குப் போனார். உணவுக்கூடத்தில் அவர் போய் அமர்ந்தால் அந்த மேசையில் இருந்தவர்கள் எழுந்து போய்விடுவார்களாம். நிறத்தை மறைக்க முடியாது. அதனால் பகை அவர் முகத்துக்கு நேரே வந்தது. சாதியை மறைக்க முடியும். மறைக்க முடிந்த நம் சிறுவரோ அதற்கு விலையாக விளையாட்டையும் தோழமையையும் கொடுத்தார். இவற்றுள் எது கொடிது என்று வகுப்பில் ஒரு மணி நேரம் வாதாடினோம், முடிவுக்கு வரவில்லை.

நம் திருச்சபையும் இதில் விலக்கல்ல. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய தேவாலயத்தில் சாதிவாரியாக மக்களைப் பிரித்து வைக்கச் சுவர் இருந்தது. 1910-இல்தான் அது இடிக்கப்பட்டது. ஒரே நற்கருணையை வாங்க வந்தவர்களுக்கு நடுவே சுவர்!

ஒளிந்து நடந்த அந்த மாணவர், வளர்ந்து 1893-இல் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. எந்தச் சொல் வெளியே தெரிந்துவிடுமோ என்று சிறுவயதில் ஓடினாரோ, அதையே முதற்பக்கத்தில் அச்சிட்டார். பின்னர் சட்டசபை உறுப்பினராகி, பொதுச் சாலைகளும் கிணறுகளும் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டுமெனப் போராடினார். 1945-இல் மறைந்தார்.

எங்கள் வகுப்பில் திருக்கழுக்குன்றம் பக்கத்திலிருந்து வருபவர்களும் உண்டு. சதுரங்கப்பட்டினத்துக் குப்பங்களிலிருந்து வருபவர்களும் உண்டு. "உங்க வீடு எங்கே இருக்கு?" என்று சேர்ந்த முதல் நாளே ஒருவரையொருவர் கேட்டிருக்கிறோம். "ஊரா, காலனியா?" என்று அடுத்த கேள்வியும் சில நேரம் வந்திருக்கிறது. குற்றமாகத் தோன்றவில்லை. இந்தப் பாடம் நடந்த அன்று, உணவு இடைவேளையில், எங்களுள் ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: ஒன்பதாம் வகுப்பு முழுவதும் அவள் தன் காலனி நிறுத்தத்தில் இறங்கியதே இல்லையாம். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, பேருந்து கண்ணுக்கு மறைந்த பிறகு திரும்பி நடப்பாளாம். மூன்று ஆண்டுகள் அவளோடு ஒரே பேருந்தில் வந்த எங்களுக்கு இது தெரியவில்லை.

இக்கட்டுரையில் அதை எழுதலாமா என்று கேட்டோம். எழுதுங்கள், பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். எழுதவில்லை.