பின்மண்டைக்குழி அழுத்த நீக்க அறுவை

பின்மண்டைக்குழி அழுத்த நீக்க அறுவை என்பது மண்டையோட்டின் பிடரிப் பகுதியில் எலும்பின் ஒரு சிறு பகுதியை அகற்றி, அங்கு நெருக்குண்டிருக்கும் சிறுமூளைக்கும் தண்டுவடத்தின் மேல்முனைக்கும் இடம் ஏற்படுத்தித் தரும் நரம்பியல் அறுவை மருத்துவம் ஆகும். பல நோய்களுக்கு இது செய்யப்பட்டாலும் முதல் வகைக் கியாரி குறைபாட்டிற்கே பெரிதும் பயன்படுகிறது. இக்கட்டுரை அதனைப் பற்றியது.

இறுக்கம் ஏற்படும் விதம்

மண்டையோட்டின் அடியில், தண்டுவடம் வெளியேறும் வழியாகப் பெருந்துளை அமைந்துள்ளது. அதற்குச் சற்று மேலே சிறுமூளையின் இரு அடிநுனிகள் உள்ளன. இவை டான்சில்கள் எனப்படுகின்றன (தொண்டையில் உள்ளவற்றுடன் பெயரளவிலான ஒற்றுமையே உண்டு). பின்மண்டைக்குழி பிறவியிலேயே சிறுத்திருப்பவர்களில் இந்நுனிகள் பெருந்துளையின் வழியே கீழிறங்கிவிடுகின்றன. 5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இறங்கியிருந்தால் அது முதல் வகைக் கியாரி எனக் கொள்வது வழக்கம். ஆனால் இந்த அளவுகோலை மட்டும் நம்பி முடிவெடுக்க இயலாது. 5 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கியும் எந்தத் தொல்லையும் இல்லாதோர் பலர். குறைவாக இறங்கியும் கடுந்துன்பம் அடைவோர் சிலர்.

உண்மையான சிக்கல் நீரோட்டத்தில் உள்ளது. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள நீர், ஒவ்வோர் இதயத் துடிப்பின்போதும் பெருந்துளை வழியாகக் கீழிறங்கி மீண்டும் மேலேறுகிறது. டான்சில்கள் அவ்வழியை அடைத்துக்கொள்ளும்போது, இருமினாலும் தும்மினாலும் முக்கினாலும் அழுத்தம் கூடிப் பிடரியில் கூர்மையான தலைவலி எழுகிறது. இந்நோய்க்கே உரிய தலைவலி இதுவே. நாளடைவில் தண்டுவடத்தின் உள்ளேயே நீர் தேங்கி, குழல் போன்ற ஒரு பை உருவாகலாம். இது சிரிங்கோமைலியா எனப்படும். வலியையும் வெப்பத்தையும் உணர்த்தும் நரம்பிழைகள் தண்டுவடத்தின் நடுவில்தான் குறுக்காகக் கடக்கின்றன. பை முதலில் சிதைப்பது அவற்றையே. எனவே தொடு உணர்வு இருக்கும், சூடு தெரியாது. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை வெறுங்கையால் பிடித்துக் கொப்புளம் கண்ட பின்னரே சிலர் தம் நோயை அறிகின்றனர். சிறுவர்களில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது முதல் அறிகுறியாக அமைவதுண்டு.

வரலாறு

பிராக் நகரில் பணியாற்றிய ஆஸ்திரிய நோய்க்குறியியல் அறிஞர் ஹான்ஸ் கியாரி 1891 ஆம் ஆண்டில் இக்குறைபாட்டை விவரித்தார். அவர் முதல் வகைக்கு எடுத்துக்காட்டாகக் கூறியது டைபாய்டு காய்ச்சலால் இறந்த 17 வயதுப் பெண் ஒருவரை. அப்பெண்ணுக்கு இக்குறைபாட்டால் எந்த அறிகுறியும் இருந்திருக்கவில்லை. அறிகுறியற்ற கியாரியை என்ன செய்வது என்ற இன்றைய கேள்வி முதல் பதிவிலேயே இருந்தது எனலாம். ஆர்னால்ட்-கியாரி என்னும் பெயர் 1907 ஆம் ஆண்டில் ஜூலியஸ் ஆர்னால்டின் மாணவர்களால் வழங்கப்பட்டது. அது இரண்டாம் வகைக்கே பொருந்தும். முதல் வகைக்கும் அப்பெயரை இடுவது தவறான வழக்காகும்.

1932 ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் லெய்டனில் இவ்வறுவை முயலப்பட்டது, நோயாளிகள் பிழைக்கவில்லை. பின்னர் அமெரிக்கரான ஜேம்ஸ் கார்ட்னர், மூளையின் நான்காம் அறையிலிருந்து தண்டுவடத்தின் நடுக்கால்வாய்க்குள் நீர் புகுவதே பைக்குக் காரணம் எனக் கருதி, அத்திறப்பைத் தசைத்துண்டால் அடைத்தார். இம்முறை இன்று கைவிடப்பட்டுள்ளது. 1994 ஆம் ஆண்டில் எட்வர்ட் ஓல்ட்ஃபீல்டும் அவருடைய குழுவினரும், டான்சில்கள் ஒவ்வொரு துடிப்பிலும் உந்துதண்டைப் போல் கீழ்நோக்கி இடித்து, நீரை வெளியிலிருந்து தண்டுவடத்திற்குள் தள்ளுகின்றன எனக் காட்டினர். வெளியே இடம் தந்தால் உள்ளே உள்ள பை தானே சுருங்கும் என்பது இதிலிருந்து பெறப்பட்டது.

அறுவை முறை

முழு மயக்கத்தில் நோயாளி குப்புறக் கிடத்தப்பட்டு, தலை கவ்வியில் பொருத்தப்படுகிறது. பிடரியின் நடுக்கோட்டில் கீறி, பெருந்துளையின் பின்விளிம்பில் ஏறத்தாழ 3 செ.மீ. அளவு எலும்பும், முதற்கழுத்தெலும்பின் பின்வளைவும் அகற்றப்படுகின்றன. எலும்பை மிகுதியாக அகற்றினால் சிறுமூளையே கீழே சரிந்துவிடும் என்பதால் இங்கு தாராளம் ஆகாது.

இதற்கு மேல் அறுவையரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மூளையின் தடித்த வெளியுறையான டியூராவைத் திறக்காமல் நிறுத்துவோர் ஒரு சாரார். திறந்து, நோயாளியின் மண்டைத்தோலடிச் சவ்வையோ மாட்டின் இதய உறையையோ ஒட்டாகத் தைத்து விரிவாக்குவோர் மறுசாரார். திறந்தால் நீர்க்கசிவும் மூளையுறை அழற்சியும் கூடுகின்றன. திறக்காவிட்டால் மறு அறுவையின் தேவை கூடுகிறது. தண்டுவடத்தில் பெரிய பை இருந்தால் திறப்பதே மேல் என்பது பலரின் கருத்து.

மும்பையைச் சேர்ந்த அதுல் கோயல் 2015 ஆம் ஆண்டில் முற்றிலும் வேறான கருத்தை முன்வைத்தார். கழுத்தின் முதலிரு எலும்புகளுக்கிடையேயான உறுதியின்மையே மூல காரணம், எனவே எலும்பை அகற்றாமல் அவ்விரண்டையும் திருகாணிகளால் பிணைக்க வேண்டும் என்றார். இது பரவலாக ஏற்கப்படவில்லை. அப்பிணைப்பு தலையைத் திருப்பும் திறனில் பெரும்பகுதியைப் பறிப்பதும் ஒரு காரணம்.

விளைவுகள்

1965 முதல் 2013 வரை வெளிவந்த 145 ஆய்வுத்தொடர்களைத் திரட்டிய 2015 ஆம் ஆண்டுக் கட்டுரையின்படி, தலைவலி ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினருக்குக் குறைந்தது. தண்டுவடப் பையும் நான்கில் மூன்று பங்கினருக்கு மேல் சுருங்கியது. பை சுருங்க மாதக்கணக்கில் ஆகலாம். இருமலால் எழும் பிடரி வலியே அறுவைக்கு நன்கு இணங்குவது. நாள் முழுதும் நீடிக்கும் பொதுத் தலைவலி அவ்வாறன்று. ஒற்றைத் தலைவலி உள்ள ஒருவரின் எம்.ஆர்.ஐ. படத்தில் தற்செயலாகக் கியாரி தென்பட்டு, அதற்காக அறுவை செய்யப்பட்டால், வடு மிஞ்சும், வலியும் மிஞ்சும். அறிகுறியும் பையும் இல்லாதவர்களைக் கண்காணித்து வருவதே பொது வழக்கம்.

மாறாக, தண்டுவடப் பை பெரிதாகிக்கொண்டிருக்கும்போது காலம் தாழ்த்துவது கேடு. அறுவை பெரும்பாலும் நோயின் வளர்ச்சியை நிறுத்துகிறது. இழந்ததை முழுதும் மீட்பதில்லை. சிறுவர்களின் முதுகு வளைவும் அவ்வாறே. வளைவு சிறிதாகவும் வயது பத்துக்குக் குறைவாகவும் இருக்கையில் அது நின்றுவிடவோ குறையவோ வாய்ப்பு மிகுதி. படத்தில் பை மறைந்த பின்னும் கையில் சூடு தெரியாமலே இருப்பவர்கள் உளர். அவர்கள் குளிக்கும் நீரை உணர்வு குன்றாத கையாலோ வெப்பமானியாலோ சோதித்துப் பார்க்க வேண்டியுள்ளது.