வெடிமருந்தும் விழிப்பும்

அமெரிக்க நாட்டு வேட்டைக்காரர் பலர், சுட்டபின் எஞ்சிய பித்தளைக் கூட்டில் மீண்டும் மருந்திட்டு, வீட்டிலேயே ரைபிள் தோட்டாக்களை ஆக்கிக்கொள்வர். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமின்றி இது கூடாது. எனினும் அவர்தம் கட்டுப்பாடு நாமும் அறியத்தக்கதே.

பழைய கருமருந்தைக் கூடு நிறைய முகந்திட்டாலும் துப்பாக்கி தாங்கிற்று. 1884இல் பிரான்சு நாட்டு வியேய் கண்ட புகையில்லா மருந்தோ பன்மடங்கு ஆற்றல் உடையது, நிறுத்தே இடவேண்டுவது. அதன் அளவை கிரெயின். ஒரு கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம். சில கிரெயின் மிகினும் துப்பாக்கி வெடித்துச் சிதறக்கூடும்.

முழு அளவைத் தவறி இருமுறை இட்டால், பெரும்பாலும் கூடு நிரம்பி வழிந்து பிழையைக் காட்டிவிடும். குறைந்த அளவை இருமுறை இட்டாலோ கூடு அதனை மறைத்துக்கொள்ளும். அபாயம் அங்கேதான்!

ஆகவே தேர்ந்தோர், மேசைமீது ஒரே மருந்துப் புட்டியை வைப்பர். தராசை எடைக்கல்லால் சோதிப்பர். குண்டைப் பொருத்துமுன் கூடுகளை வரிசையாக நிறுத்தி, மருந்தின் மட்டம் ஒத்துளதா என விளக்கொளியில் நோக்குவர். இடையே எவரேனும் அழைத்துக் கவனம் சிதறினால், ஐயத்திற்குரிய கூட்டைக் கொட்டிவிட்டுப் புதிதாய் அளப்பர்.

‘இட்டோமா, இல்லையா?’ என்னும் ஐயம் எழுந்தபின் ஊகம் உதவாது. குழந்தைக்கு மருந்து புகட்டும் தாய்மாருக்கும் இது பொருந்தும்: கொடுத்தது நினைவில்லையேல் மறுமுறை கொடாது, மருத்துவரைக் கேட்டலே அறிவுடைமை.