கரு முதல் தொட்டில் வரை – 9: ரிப்போர்ட்டில் ‘1:180’

கர்ப்பத்தின் 11ஆம் வாரத்துக்கும் 13 வாரம் 6 நாளுக்கும் இடையில் என்.டி. ஸ்கேனும் ‘டபுள் மார்க்கர்’ ரத்தப் பரிசோதனையும் எடுக்கப்படுகின்றன. கருவின் பிடரித் தோலுக்கடியில் தேங்கும் நீரின் கனத்தை ஸ்கேன் மில்லிமீட்டரில் அளக்கிறது. நஞ்சுக்கொடி சுரக்கும் இரண்டு பொருள்களின் அளவை ரத்தம் சொல்கிறது. தாயின் வயது, எடை ஆகியவற்றையும் சேர்த்துக் கணினி ஓர் எண்ணைத் தருகிறது. குழப்பம் தொடங்குவது அந்த எண்ணில்தான்.

டவுன் சிண்ட்ரோம் என்ற வரிக்கு நேரே ‘1:180, ஹை ரிஸ்க்’ என்று இருந்தால், குழந்தைக்கு நோய் என்று பொருளல்ல. இதே எண் வந்த 180 தாய்மாரில் ஒருவரின் கருவுக்கு அது இருக்கலாம். மற்ற 179 பேருக்கு இராது. 1:900 என்பது இதைவிடக் குறைந்த அபாயம். எண் பெரிதானால் அபாயமும் பெரிது என்று படித்துப் பதறுவோர் உண்டு. பல ஆய்வகங்கள் 1:250ஐக் கோடாக வைத்திருக்கின்றன. கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தாலும் முழு உத்தரவாதம் இல்லை: இந்தக் கூட்டுப் பரிசோதனை நூற்றுக்கு 85 முதல் 90 வரைதான் கண்டுபிடிக்கும்.

அடுத்த படி என்.ஐ.பி.டி. தாயின் ரத்தத்திலேயே கருவின் டி.என்.ஏ. மிதக்கிறது என்பதை டென்னிஸ் லோவும் சக ஆய்வாளர்களும் 1997இல் காட்டினார்கள். அதிலிருந்து வளர்ந்த பரிசோதனை இது. டவுன் சிண்ட்ரோமை நூற்றுக்கு 99 வரை பிடிக்கிறது. ஆனால், அந்த 99ஐ வைத்து ‘பாசிட்டிவ் என்றால் 99 சதவீதம் உறுதி’ என்று நினைப்பது தவறு. ஆயிரத்தில் ஒருவருக்கே வரக்கூடிய இளம் வயதுத் தாய்மார் ஆயிரம் பேரைச் சோதித்தால், உண்மையான பாசிட்டிவ் ஒன்று வரும். பொய்யான பாசிட்டிவும் ஏறக்குறைய ஒன்று வரும். ஆகப் பாதிக்குப் பாதிதான். அந்த டி.என்.ஏ. பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வருவதும் பிசகுக்கு ஒரு காரணம்.

உறுதி செய்வது பனிக்குட நீர்ப் பரிசோதனை. 15 வாரம் முடிந்தபின் வயிற்றின் வழியாக மெல்லிய ஊசி செலுத்தி நீர் எடுப்பார்கள். இதனால் கரு கலையும் வாய்ப்பு சுமார் இருநூறில் ஒன்று அல்லது அதற்கும் குறைவு. குரோமோசோம்களை வளர்த்துப் பார்க்கும் முழு முடிவுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். இந்த வாரக் கணக்கு முக்கியம். இந்தியக் கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி பொதுவான வரம்பு 20 வாரம். கருவின் கடுமையான குறைபாடு உள்ளிட்ட குறிப்பிட்ட சூழல்களில் 24 வாரம். அதற்கும் மேல் கடுமையான குறைபாடு என்றால் மருத்துவக் குழு முடிவு செய்யும்.

ஆகவே, முடிவு பாசிட்டிவ் என்றால் என்ன செய்வது என்ற பேச்சு ரத்தம் எடுக்கும் முன்பே நடக்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம் என்றால் என்ன என்பதும் அப்போதே தெரிய வேண்டும்: கற்றல் குறைபாடு ஆளுக்கு ஆள் வேறுபடும், ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் கோளாறு இருக்கும், அதில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்ய முடியும். பரிசோதனையே வேண்டாம் என்பதும் தாயின் உரிமை. ‘எல்லோரும் எடுப்பதுதானே’ என்ற வார்த்தையில் அது அமுங்கிப்போகிறது.

கருவின் பாலினத்தைச் சொல்லத் தடைவிதிக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தை எல்லோரும் அறிவார்கள். அதே சட்டத்தின் 5ஆவது பிரிவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பக்கவிளைவுகளைத் தாய்க்கு விளக்கி, அவருக்குப் புரியும் மொழியில் எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் பெற்று, அதன் நகல் ஒன்றை அவர் கையிலேயே கொடுக்க வேண்டும் என்கிறது அது.