மதிலுக்கு மேல் மூன்றடி

சென்னைப் புறநகரில் எந்தத் தெருவில் நடந்தாலும் இது கண்ணில் படும். ஐந்தடிக் காம்பவுண்டு சுவர். அதன் தலையில் நீல நிற ஷீட்டோ மூங்கில் தட்டியோ மேலும் மூன்றடிக்கு எழும்பியிருக்கும். பக்கத்து மனையில் அடுக்குமாடி வந்துவிட்டது, துணி உலர்த்தக்கூட மறைவில்லை. சுவரை இடித்துக் கட்டக் கையில் காசில்லை. வெல்டர் வருகிறார். சுவரின் உச்சியில் துளை போட்டு, போல்ட் முடுக்கி, ஜிஐ குழாய்களை நிறுத்தி, ஷீட்டை அடித்து, பொழுது சாய்வதற்குள் வேலையை முடித்துவிடுகிறார்.

ஷீட்டின் எடை ஒரு பொருட்டே இல்லை. சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ வந்தாலே அதிகம். செங்கல் சுவருக்கு அது ஒரு சுமையா? சுவரைச் சாய்ப்பது காற்று.

காற்று எவ்வளவு தள்ளும் என்று கணக்கிட, ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தரநிலையின் 3-ஆம் பாகத்தில் ஓர் எளிய வழி இருக்கிறது. வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று, ஒரு சதுர மீட்டர் பரப்பை ஏறக்குறைய 68 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் தள்ளுகிறது. இது ஏட்டுக்கணக்கு அல்ல. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையேறியபோது சென்னையில் மரங்களை வேரோடு சாய்த்தது ஏறத்தாழ இந்த வேகக் காற்றுதான்.

உயரம் கூடும்போது கணக்கு இன்னும் மோசமாகிறது. மேலே மூன்றடி கூட்டினால் காற்று மோதும் பரப்பு கூடுவது மட்டுமல்ல, அது தள்ளும் இடமும் மேலே போகிறது. கடப்பாரையின் நுனியைப் பிடித்து நெம்புவதற்கும் நடுவில் பிடித்து நெம்புவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. ஐந்தடி எட்டடியானால், அடியில் சுவரைக் கவிழ்க்கப் பார்க்கும் விசை இரண்டரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். சுவரின் கனமோ அப்படியே இருக்கிறது. அதிலும் நாலரை இஞ்ச் சுவர் என்றால் கவலைப்படத்தான் வேண்டும். ஒன்பது இஞ்ச் சுவரோடு ஒப்பிட்டால் அதற்கு எடையும் பாதி, ஊன்றி நிற்கும் அகலமும் பாதி. ஆகவே தன் எடையால் காற்றை எதிர்த்து நிற்கும் வலு கால் பங்குதான்.

அந்த போல்ட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். இரண்டு குழாய்களுக்கு நடுவே எட்டடி இடைவெளி, மூன்றடி உயர ஷீட். 120 கிலோமீட்டர் காற்றில் ஒவ்வொரு குழாயும் தாங்க வேண்டியது கிட்டத்தட்ட 150 கிலோ. குழாயின் அடியில் பற்றவைத்த தகடு ஆறு இஞ்ச் சதுரம். காற்று குழாயைச் சாய்க்கப் பார்க்கையில், காற்றடிக்கும் பக்கத்து இரண்டு போல்ட்டுகளை மேல்நோக்கிப் பிடுங்கும் விசை அரை டன்னைத் தொடுகிறது. அவை பிடித்துக்கொண்டிருப்பது எதை? உச்சி வரிசைச் செங்கற்களை. ஒரு செங்கல் மூன்று கிலோ சொச்சம். அதைக் கீழ் வரிசையோடு ஒட்டவைப்பது அரை இஞ்ச் சாந்து. சாந்து நசுக்குவதை நன்றாகத் தாங்கும், இழுத்தால் எளிதில் விட்டுவிடும். போதாக்குறைக்கு, துளைக்குள் விரிந்து பிடிக்கும் வகை போல்ட்டை முடுக்கும்போதே, விளிம்போரச் செங்கலில் மயிரிழை விரிசல் விழுவதுண்டு. பூச்சு அதை மறைத்துவிடும்.

அந்த விரிசலில் மழைநீர் இறங்குகிறது. இரும்பு துருப்பிடித்தால் பருமன் பெருகும், பெருகிய துரு செங்கல்லை உள்ளிருந்தே பிளக்கும். கடலோர உப்புக் காற்றில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

சுவர் விழுந்தால் யார்மேல் விழும் என்பதை வீட்டுக்காரர் யோசித்தே ஆக வேண்டும். 2019 டிசம்பர் 2 அதிகாலையில், மேட்டுப்பாளையம் அருகே நடூரில் மழையில் ஊறிய உயரமான மதில் சரிந்து, அதை ஒட்டியிருந்த வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். அதைச் சாய்த்தது காற்றல்ல. ஆனாலும் உயர்ந்த மதிலின் ஆபத்து பெரும்பாலும் அதன் மறுபக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் என்பது அன்று தெரிந்தது.

மறைவு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதைச் சுவரின் தலையில் ஏற்றாமல், தன் காலில் நிற்கவிடுவதே சரியான வழி. சுவருக்கு உட்புறம், அஸ்திவாரத்தைக் குடையாதபடி ஓரடியாவது தள்ளிக் குழி தோண்டி, கனமான சதுரக் குழாய்களைக் கான்கிரீட்டில் நட வேண்டும். இரண்டரை அடி ஆழமாவது வேண்டும், மணற்பாங்கான மண்ணில் இன்னும் ஆழம். ஷீட்டும் கிராதியும் அந்தக் குழாய்களில்தான் தொங்க வேண்டும், சுவரைத் தொடவே கூடாது. செலவு கூடும், தோட்டத்தில் ஓரடி போகும். இருந்தாலும் புயலில் ஷீட்டே பிய்ந்து போனாலும் சுவர் நிற்கும்.

முழு ஷீட்டைவிட இடைவெளி விட்ட பட்டைகள் எவ்வளவோ மேல். முழுத் தடுப்பில் மோதும் காற்று மேலேறித் தாண்டி, பின்னால் சுழன்று இறங்குகிறது. பாதிக்குப் பாதி திறந்த தடுப்பு காற்றை வடிகட்டி அனுப்புகிறது. அதன் மேல் விழும் விசையும் குறைவு, பின்னாலிருக்கும் செடிகளுக்கும் அமைதி. பார்வையை மறைக்க, பட்டைகளை இரண்டு வரிசையாக முன்னும் பின்னும் மாற்றி அடித்தால் போதும்.

காகிதப்பூக் கொடியை ஏற்றிவிட்டால் இந்தக் கணக்கு மாறிவிடும். இரண்டே வருடத்தில் இலைகள் இடைவெளிகளை அடைத்து, கிராதியைக் கப்பல் பாயாக்கிவிடும். ஐப்பசி பிறக்குமுன் அதைக் கத்தரித்து, ஊடே வெளிச்சம் தெரியும்படி விட வேண்டும். அன்றே ஒவ்வொரு குழாயையும் கையால் ஆட்டிப் பார்த்து, அடிக் கான்கிரீட்டைச் சுற்றி மண் விலகியிருக்கிறதா என்றும் குனிந்து பார்த்துவிடலாம்.