அடும்பு: போர்ட்டிக்சன் மணலைப் பிடித்து வைக்கும் கொடி

சிலியாவ், லின்சம், சுவா பெத்தோங் தோட்டத்துக்காரர்களுக்குக் கடல் என்றால் போர்ட்டிக்சன்தான். விடுமுறையில் வேன் பிடித்து தெலுக் கெமாங் போய் இறங்கும் பிள்ளைகள் மிதித்துக்கொண்டு ஓடும் ஊதாப்பூக் கொடிதான் அடும்பு. மலாய்க்காரர்கள் தாப்பாக் கூடா என்பார்கள். குறுந்தொகையில் நம்பி குட்டுவன் இதன் பிளவுபட்ட இலைக்கு மானின் குளம்பை உவமை சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டில் பெண்கள் இதன் பூவைக் கொய்து மணலில் விளையாடுகிறார்கள்.

கடலோர மணலில் வேர் பிடிப்பது லேசான காரியமல்ல. தண்ணீர் நிற்காது, சத்து கிடையாது, உப்புக்காற்று இலையைக் கருக்கும். அடும்பு நிமிராமல் படர்ந்தே வளர்கிறது. தண்டு 30 மீட்டர் வரை ஓடுவதுண்டு. ஒரு கணுவை மெல்லத் தூக்கிப் பாருங்கள். வேர் மணலைக் கவ்விக்கொண்டு விடாது. மணல் மூடினாலும் சாகாது, புதைந்த கணுவிலிருந்து புது வேரும் தளிரும் கிளம்பும். காற்றில் வரும் மணல் இலைகளில் தடைபட்டு அங்கேயே விழுந்து, நாளடைவில் மேடாகிறது. பால்மர வரிசைகளுக்கு இடையே மண் அரிக்காமலிருக்கத் தோட்டத்தில் பியூராரியா கொடியை விதைப்பார்களே, அதே வேலையை இது கூலியில்லாமல் செய்கிறது. கரையை அழகுபடுத்துகிறோம் என்று இதைக் களையாக எண்ணி வாரிக் கொட்டுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

உச்சிவெயிலில் போனால் இலைகள் வெற்றிலை மடித்ததுபோல் நடுநரம்பில் மடங்கி நிற்கும். வெயில் படும் பரப்பு குறைவதால் ஈரம் மிஞ்சும். தண்டைக் கிள்ளினால் வெள்ளைப் பால் கசியும்.

பூ விடியலில் விரிந்து பிற்பகலில் வாடிவிடும். தன் மகரந்தத்தால் தானே காய்க்காது. வேறொரு கொடியின் மகரந்தம் வர வேண்டும். அதைச் சுமந்து வருவது பெரும்பாலும் லயத்து மரச்சட்டங்களைத் துளைக்கும் அதே கருவண்டு. இலைக்காம்பின் நுனியிலும் தேன் சுரக்கும் சிறு சுரப்பிகள் உண்டு. அந்தத் தேனுக்கு வரும் எறும்புகள், கொடியைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டுகின்றன.

லின்னேயஸ் 1753இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். இன்றைய பெயர் ஐப்போமியா பெஸ்-கேப்ரே. ராமேஸ்வரத்திலும் பிரேசில் கரையிலும் இதே இனம் படர்ந்திருப்பதற்குக் காரணம் விதை. காயில் நான்கு விதைகள் இருக்கும். பழுப்பு ரோமம் போர்த்த விதையின் உள்ளே வெற்றிடம் இருப்பதால் கடலில் மிதக்கும். மாதக்கணக்கில் உப்புநீரில் கிடந்தாலும் உயிர் போகாது. ஆனால் தோல் கெட்டி; கரை ஒதுங்கி மணலில் உரசித் தேய்ந்தால்தான் தண்ணீர் உள்ளே இறங்கும். வீட்டில் முளைக்க வைக்க ஆசைப்படுகிறவர்கள் விதையை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு ஊறவிட்டு, மணல் கலந்த மண்ணில் நல்ல வெயில் படும் இடமாகப் பார்த்து ஊன்றலாம்.