ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ: மூன்று மாதமா, ஆறு மாதமா?

பெருங்குடலில் இருந்த புற்றுநோய்க் கட்டியை அகற்றியாகிவிட்டது. தையலும் பிரித்தாயிற்று. "இனி கீமோ" என்கிறார் டாக்டர். வீட்டில் எழும் முதல் கேள்வி, "எத்தனை மாதம்?" என்பதுதான்.

மும்பைக்குப் பிழைக்க வந்தவர்களுக்கு இது சாதாரணக் கேள்வி அல்ல. லீவு எத்தனை நாள் மிச்சம், அறை வாடகையை யார் கொடுப்பது, ஊரிலிருந்து துணைக்கு யார் வருவது? எல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தது.

கட்டியை எடுத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத புற்று செல்கள் உடலில் தங்கியிருக்கலாம். அவற்றை அழிக்கவே கீமோ. அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்கும் நோய் பரவியிருந்தால் அது மூன்றாம் கட்டம். 1990-ம் ஆண்டு வாக்கில் இவர்களுக்கு ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். பின்னர் அது ஆறு மாதமாயிற்று. 2004 முதல் ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்தும் சேர்ந்துகொண்டது.

நல்ல மருந்துதான். ஆனால் நரம்பைப் பிடிக்கும். குளிர்ந்த தண்ணீரில் கை பட்டால் சுரீரென்று இழுக்கும். விரல் நுனியும் பாதமும் மரத்துப்போகும். சிலருக்கு வருஷக்கணக்கில் விடுவதில்லை. தாராவியில் தையல் மெஷினில் உட்காருகிறவர் ஊசியில் நூல் கோக்க வேண்டாமா? குமாஸ்தா சட்டைப் பித்தானாவது போட வேண்டாமா?

பாதி நாள் போதாதா என்று 12 நாடுகளில் 12,834 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2018-ல் முடிவு வெளியானது. நரம்புத் தொல்லை கணிசமாக வந்தவர்கள், ஆறு மாத மருந்தில் நூற்றுக்குச் சுமார் 45 பேர். மூன்று மாதத்தில் 17 பேருக்குள். 2020-ல் வந்த கணக்குப்படி, ஐந்தாண்டுக்குப் பின் உயிருடன் இருந்தவர்கள் மூன்று மாதத்தில் 82.4 சதவீதம், ஆறு மாதத்தில் 82.8 சதவீதம்.

ஆனால் எல்லோருக்கும் மூன்று மாதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கட்டி குடல் சுவரைத் துளைத்து வெளியே வந்திருந்தாலோ, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட முடிச்சுகளில் நோய் இருந்தாலோ ஆறு மாதம் பற்றி டாக்டர் யோசிப்பார். அந்த அளவு முற்றாதவர்களுக்கு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆக்சாலிபிளாட்டின் ஏற்றி, 14 நாள் கேப்சிடபின் மாத்திரை தரும் முறையில் நான்கு சுற்று போதும் என்பதே இன்று பெரும்பாலான டாக்டர்களின் கருத்து.

கை மரத்தால் மறைக்கக் கூடாது; தானாக மருந்தை நிறுத்தவும் கூடாது. ஆக்சாலிபிளாட்டினை மட்டும் நிறுத்தி மற்றதைத் தொடர்வதும் உண்டு. பாதியில் ஊர்ப் பக்கம் சிகிச்சையை மாற்றிக்கொள்கிறவர்கள், முடிச்சுகளின் எண்ணிக்கை உள்ள பயாப்ஸி ரிப்போர்ட்டையும், எத்தனை சுற்று முடிந்தது என்ற சீட்டையும் கையோடு கொண்டுபோக வேண்டும். புது டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.