செஞ்சி: 25 ரூபாயும் ஓர் இரவும்

செஞ்சிக் கோட்டைக்கு நுழைவுச் சீட்டு பல ஆண்டுகளாக 25 ரூபாயாகவே இருந்தது. 2018-ல் இந்தியத் தொல்லியல் துறை கட்டணத்தைத் திருத்தியபோது இரண்டாம் வகைச் சின்னங்களுக்கு வைத்த தொகை அது. வெளிநாட்டவருக்கு 300. பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குச் சீட்டே வேண்டாம். 2025 ஜூலை 11 அன்று மராத்தியரின் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. மிச்சமுள்ள ஒன்று செஞ்சி. உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கு 2018 திருத்தத்தில் இருந்த கட்டணம் 40 ரூபாய். செஞ்சியை அந்த வகைக்கு மாற்றினாலும் கூடுவது 15 ரூபாய்.

செஞ்சியில் காசு பெரிய கணக்கில்லை. காலும் வெயிலும்தான் கணக்கு.

கோட்டையின் மூன்று மலைகளில் ஒன்றான ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி, அதாவது 240 மீட்டர். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அந்த உயரத்துக்குத் தன் உடம்பைத் தூக்கிப் போக 130, 140 கலோரி எரிக்க வேண்டும். ஏறக்குறைய மூன்று இட்லி. கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் கருங்கல் படி ஒன்பது மணிக்கே சூடேறிவிடும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் இல்லாமல் ஏறக்கூடாது. உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை பிளந்து நிற்கிறது: அகலம் சுமார் 24 அடி, ஆழம் 60 அடி. இன்று பாலத்தில் பத்துப் பன்னிரண்டு எட்டில் கடந்துவிடலாம். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவரை எவரும் நெருங்க முடியாது. 1690-ல் தொடங்கிய முகலாயர் முற்றுகை 1698 வரை இழுத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது அங்கே நின்று பார்த்தால் விளங்கும். அதே கோட்டையை 1750-ல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்தார் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். காவல் அசந்தால் 60 அடிப் பள்ளமும் உதவாது.

இங்கே ஒரு கணக்கைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. மதிலின் நீளம் 13 கிலோமீட்டர், அது வளைத்த பரப்பு 11 சதுர கிலோமீட்டர் என்று பல இடங்களில் அச்சாகிறது. கோட்டையோ மூன்று மலைகளை மூலையாகக் கொண்ட முக்கோணம். 13 கிலோமீட்டர் சுற்றளவுள்ள முக்கோணத்தை எப்படி வரைந்தாலும் அதன் பரப்பு அதிகபட்சம் 8 சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆங்கிலேயர் காலக் குறிப்புகள் மூன்று மலைகளையும் இணைக்கும் சுற்றை சுமார் 3 மைல், அதாவது 5 கிலோமீட்டர் என்கின்றன. நடக்கப் போகிறவர் மனதில் வைக்க வேண்டியது இந்த 5-ஐத்தான். திருவண்ணாமலைச் சாலை நடுவே ஓடுகிறது. தெற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி. சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தால் இரண்டுக்கும் அது ஒன்றே போதும். மூன்றாவதான சந்திரகிரி முள்ளும் புதருமாகக் கிடக்கிறது. வழி தெரிந்தவர் துணையின்றிப் போக வேண்டாம்.

எனக்கு ஆதங்கம் வேறு இடத்தில். ஊருக்கு வடக்கே சில கிலோமீட்டருக்குள் இருக்கிறது திருநாதர்குன்று. கட்டணம் இல்லை, கூட்டமும் இல்லை. ஒரே பாறையில், வரிசைக்கு 12 பேராக இரண்டு வரிசையில், 24 சமணத் தீர்த்தங்கரர்கள். அருகில் சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைச் சொல்லும் கல்வெட்டு; 6-ஆம் நூற்றாண்டை ஒட்டியது. பிற்காலத்தில் இன்னொரு துறவி 30 நாள் நோற்றதையும் வேறொரு கல்வெட்டு சொல்கிறது. கோட்டையின் மதில்களைவிட இந்த எழுத்துகள் பல நூற்றாண்டுகள் மூத்தவை. அந்தப் பக்கமே சிங்கவரம். பல்லவர் குடைவரையில் சுமார் 24 அடி நீளத்துக்குப் பள்ளிகொண்ட அரங்கநாதர். அதற்கும் சீட்டு இல்லை.

விழுப்புரம் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் போனால் மண்டகப்பட்டு. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைந்த இந்தக் கோயிலின் கல்வெட்டே ஒரு செலவுக் கணக்கு: செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை. நான்கு பொருளுக்கும் பூஜ்யம் எழுதிய கோயில் 1,400 ஆண்டுகளாக நிற்கிறது.

பெற்றோரும் இரண்டு சிறு பிள்ளைகளும் இவை அத்தனையும் பார்க்க நுழைவுக் கட்டணம் அந்த 25 ரூபாய்க் கணக்கில் மொத்தம் 50 ரூபாய். அந்த 50-ம் மத்திய அரசுக்குப் போகிறது. 2011 கணக்கெடுப்பில் சுமார் 27,000 பேர் வாழ்ந்த இந்தப் பேரூராட்சிக்கு வருகிறவர்களால் கிடைப்பது சாப்பாட்டுக் கடையிலும் ஆட்டோவிலும் விடுதி அறையிலும் செலவாகும் பணம் மட்டுமே. சென்னையிலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டி வந்து, கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலின் முன் படம் எடுத்துக்கொண்டு, மாலைக்குள் 40 கிலோமீட்டர் தள்ளித் திருவண்ணாமலைக்குப் போய்விடுகிறவர் இந்த ஊருக்கு ஒரு தேநீர் அளவுகூடக் கொடுப்பதில்லை.

ஆகவே ஓர் இரவு தங்குங்கள். முதல் நாள் பிற்பகல் வந்து சேர்ந்தால் சிங்கவரமும் திருநாதர்குன்றும். மறுநாள் கோட்டை திறந்ததும் முதலில் ராஜகிரி, ஏனென்றால் பிற்பகலில் ஒரு நேரத்துக்கு மேல் அதில் ஏற விடுவதில்லை. இறங்கி வந்து தானியக் களஞ்சியம், கல்யாண மகால், வேங்கடரமணர் கோயில். தெம்பு மிச்சமிருந்தால் சாலையைக் கடந்து கிருஷ்ணகிரி. அது ராஜகிரியைவிடக் குட்டை. மண்டகப்பட்டை விழுப்புரம் வழியாக ஊர் திரும்புகிறவர்கள் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம்.